மருத்துவச்சியின் நான்கு டயர்கள்

அடெனாவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வீட்டிலேயே பிறந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் சில்கே ரெட்டராத்தின் கையில் வந்து விழுந்தவை. மருத்துவச்சி வேலை அவளுக்குப் பிழைப்பு. ரிங் என்ற பந்தயப் பாதையில் கார் ஓட்டுவது பித்து. இரண்டுக்கும் அவளிடம் இருந்தது ஒரே ஒரு சிவப்புக் கார்.

காட்டுக்குள் இருபது கிலோமீட்டர் வளைந்து ஓடும் அந்தப் பந்தயப் பாதையில், பந்தயம் இல்லாத நாட்களில் சீட்டு வாங்கிக்கொண்டு யாரும் சொந்தக் காரில் சுற்றலாம். நேரம் அளக்கக் கூடாது என்பது விதி. அளக்காத ஆளை அந்தப் பக்கத்தில் பார்ப்பது அபூர்வம். ஒன்பது நிமிடத்துக்குள் சுற்றி வந்தவரை ஊரில் மரியாதையோடு பார்ப்பார்கள், வராதவரை வேறு மாதிரி. மூன்று ஆண்டுகளாக சில்கே அந்த வேறு மாதிரிப் பார்வையைச் சகித்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்டில் பழைய டயர்கள் தேய்ந்துபோனதும் லோதார் ஃபிங்ஸ்டனின் கடைக்குப் போனாள். லோதார் டயர் வியாபாரி, ரிங்கில் எட்டரை நிமிடக்காரர். போதாததற்கு அவளுடைய பள்ளித் தோழர்.

"செமி ஸ்லிக்கைப் போடு, முடிஞ்சுது கதை," என்றார். "ரிங்குக்குன்னே பெத்துப் போட்ட டயர். கிட்டத்தட்ட வழவழ ரப்பர், நாலே நாலு கோடு. ரோட்டை அப்படியே கவ்விக்கும்."

"சூடு ஏறினப்புறம் கவ்வும். குளிர்ல?"

"குளிர்ல கொஞ்சம் சோம்பேறி."

"உன் மூத்தவ பிறந்த அன்னிக்கு விடியக்காலை, கொட்டுற மழை. என் வாசல்லேர்ந்து இறங்கினதுமே திருப்பம். இந்தச் சோம்பேறி நேரா சர்ச் சுவத்துல போய் முட்டியிருப்பான். உன் பொண்டாட்டி என்ன பண்ணியிருப்பா?"

"திட்டியிருப்பா. இப்பவும் அதைத்தானே பண்றா. சரி, ரெண்டு செட் வச்சுக்கோ. ரிங்குக்கு ஒண்ணு, ரோட்டுக்கு ஒண்ணு."

"ரிங்ல நிக்கும்போதே கூப்பிடுவாங்கடா. ஜாக்கியைப் போட்டு சக்கரம் மாத்திக்கிட்டு உக்காந்திருந்தா புள்ள அதுவாவே வந்துடும். எனக்கு வேண்டியது ஒரே டயர், ரெண்டு வேலை."

"அப்படி ஒண்ணு இன்னும் யாரும் செய்யல, தாயே."

சில்கே விடவில்லை. சாதாரண டயரை முதலிலேயே தள்ளினாள். ரிங்கில் இரண்டு சுற்றுக்குள் அது வெண்ணெயாக உருகிவிடும். கடைசியில் சாலைக்கென்று செய்த ஒரு ஸ்போர்ட்ஸ் டயரின் முன் குந்தி உட்கார்ந்தாள். பக்கச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினாள், அசையவில்லை. நடுவில் தண்ணீரை வெளியேற்ற ஆழமான வாய்க்கால்கள். திருப்பத்தில் பாரம் தாங்கும் வெளி ஓரத்தில் அகலமான ரப்பர்க் கட்டைகள். ஈரத்தில் பிடிப்புக்கு 'ஏ' தரம் என்று ஒட்டுச்சீட்டில் போட்டிருந்தது.

"இதைப் போடு."

"இதுல நீ ஒன்பதுக்குள்ள வரவே மாட்டே," என்றார் லோதார், சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே.

"வாயை மூடிக்கிட்டு மாட்டு."

செப்டம்பர் கடைசி ஞாயிறு வானம் வெளுத்திருந்தது. சில்கே ஒரு பிரசவத்துக்கு அழைப்பை எதிர்பார்த்திருந்தாள். பக்கத்து ஊர் கெல்பெர்க்கில் இருக்கும் அன்னிகா தைசனுக்குத் தலைப்பிரசவம், நாள் நெருங்கிவிட்டது. அதனால் ஆக்ஸிஜன் உருளை, பிரசவ முக்காலி, தண்ணீர்ப் பிரசவத்துக்கு மடக்குத் தொட்டி, பைகள் எல்லாம் காரிலேயே இருந்தன. ரிங் வாசலில் நின்ற லோதாரின் வேனுக்கு அவற்றை மாற்றினாள். பாரம் குறைந்தால் வேகம் கூடும். காலிக் காரில் சுற்றப் போவது அதுவே முதல் தடவை.

முதல் சுற்று ஒன்பது நிமிடம் இருபது நொடி. இரண்டாவது சுற்றில் ப்ருன்ஷன் இறக்கத்தில் பின்பக்கம் வழுக்கி விலகியது, வேலியோரம் வேடிக்கை பார்த்தவர்கள் 'ஓ' என்று கத்தினார்கள். ஒன்பது பதினாலு.

லோதார் சாஸேஜைக் கடித்தபடி வந்தார். "நான் சொன்னா கேட்டியா? சோப்பு மேல ஓட்டுற மாதிரி இருந்திருக்குமே!"

அவள் காரின் பின்னால் குந்தினாள். பின் டயரில் உள்ளங்கையை வைத்தாள். நடுப்பகுதி கொதித்தது, பளபளத்தது. இரண்டு ஓரமும் மங்கலாக, கிட்டத்தட்ட புதுசாகவே இருந்தன. டயர் நடுவயிற்றில் மட்டும்தான் நின்றிருக்கிறது.

"ஐயோ!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். "காலைல சாமான் பாரத்துக்குக் காத்து அடிச்சேன். சாமானை இறக்கினேன். காத்தை இறக்கல!"

லோதாருக்குப் புரை ஏறியது. "தொட்டி என் வேன்ல, அதோட காத்து உன் டயர்லயா? மருத்துவச்சியைத் தவிர இந்தத் தப்பை யாராலயும் பண்ண முடியாது!"

"சிரிச்சது போதும், காத்து அளக்குற மானியை எடு!"

நான்கு டயரிலும் காற்றைப் பிடுங்கினார்கள். உஸ்ஸென்று அது வெளியேறியது.

மூன்றாவது சுற்றின் முதல் திருப்பத்திலேயே தெரிந்துவிட்டது. இது வேறு கார்! ஸ்டியரிங்கை நினைத்தாலே போதும், மூக்கு திரும்பியது. நரிக்குழாய் என்று பெயர் வைத்த பள்ளத்தில் பிரேக்கைத் தொடாமல் விழுந்து எழுந்தாள். கருசெல் வளைவின் கான்கிரீட் தொட்டிக்குள் கார் தடதடவென்று குலுங்கியும் பிடி விடவில்லை. அதைத் தாண்டியதும் கண்ணாடியில் ஒரு போர்ஷே பெரிதானது. ரிங் வழக்கப்படி வலது இண்டிகேட்டரைப் போட்டு ஒதுங்கினாள். "போய்த் தொலை ராசா, சீக்கிரம் போ!" ப்ருன்ஷன் வந்தது, இந்தத் தடவை பின்பக்கம் சொன்ன பேச்சைக் கேட்டது. நீண்ட நேர்சாலையில் ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்தபடி வாய்விட்டுக் கத்திக்கொண்டே வந்தாள்.

எட்டு ஐம்பத்தேழு.

கதவைத் திறந்து குதிக்கப் போனவளைப் போன் நிறுத்தியது. அன்னிகாவின் கணவன் யானிக். "பனிக்குடம் உடைஞ்சிருச்சு. வலி அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு வருது. சீக்கிரம் வாங்க!"

"மூச்சை விடச் சொல்லு. நீயும் விடு. கிளம்பிட்டேன்."

லோதார் அதற்குள் வேனிலிருந்த கம்ப்ரஸரை முடுக்கியிருந்தார். அவர் காற்று அடிக்க, அவள் சாமான்களை ஏற்றினாள். மலைக்கு மேல் வானம் கறுத்துவிட்டது.

"எவ்வளவு?" என்றார் குழாயைப் பிடுங்கியபடி.

"எட்டு ஐம்பத்தேழு!"

"அடிப்பாவி!" அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். "ஓடு, ஓடு!"

பாதி வழியில் மழை வாளிவாளியாகக் கொட்டியது. உதிர்ந்த இலைகள், வளைவில் தேங்கிய தண்ணீர், எதிரே வெளிச்சமில்லாத ஒரு டிராக்டர். சில்கே பிரேக்கை மிதித்தாள். கார் கோடு கிழித்ததுபோல் நேராக நின்றது. அவள் டாஷ்போர்டைத் தட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

வாசலில் குடையோடு நின்ற யானிக் முகத்தைச் சுளித்தான். "என்ன இது, ரப்பர் கருகுற நாத்தம்?"

"தொட்டியைத் தூக்கு, அப்புறம் மோந்து பாரு."

உள்ளே அன்னிகா கட்டில் கம்பியைப் பிடித்துக் குனிந்து நின்றிருந்தாள். வலி ஒன்று வந்து போயிற்று. வியர்த்த முகத்தைத் திருப்பிச் சில்கேயைப் பார்த்தாள். அவளும் ரிங் பக்கத்துப் பெண்தானே.

"ஒன்பதுக்குள்ள வந்தீங்களா?"

"எட்டு ஐம்பத்தேழு."

அன்னிகா சிரிக்க ஆரம்பித்தாள். பாதிச் சிரிப்பில் அடுத்த வலி வந்து பிடித்தது. சில்கே கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, நடுங்கும் அந்த முதுகில் உள்ளங்கையைப் பதித்தாள்.

"இது அவ்வளவு வேகமா முடியாது, கண்ணு. நிதானமா வா."