புதுக்கறை முதலில்

சட்டையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்த பிறகுதான் கறையக்கா ரசீதுப் புத்தகத்தில் கை வைப்பார். "காப்பி. நேத்து சாயங்காலம். சர்க்கரை ஜாஸ்தி," என்பார். இத்தனைக்கும் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். எங்கள் தெருமுனைச் சலவைக்கடையில் பத்தொன்பது வருடமாகக் கறை எடுக்கிறார். சொந்தப் பெயரைக் கேட்டால் அவரே ஒரு நொடி யோசிப்பார்.

ஒரே துணியில் ஐந்தாறு கறை இருந்தாலும் அவர் கை தயங்காது. "புதுசுல ஆரம்பிக்கணும் தம்பி. பழசு எங்கயும் ஓடிப்போகாது. புதுசு காய்ஞ்சா குடியேறிடும்."

தன் வாழ்க்கை என்று வந்தால்தான் அக்காவுக்கு எங்கே தொடங்குவதென்று தெரியாது. இஸ்திரி மேசைக்கு மேலே ஒரு பழைய காலண்டர் அட்டை தொங்கும். அதில் அவர் திருந்தவேண்டிய விஷயங்கள் பதினொன்று. திங்கட்கிழமைதோறும் எண்களை அடித்து மாற்றுவார். காலையில் நடக்கப் போகலாமென்றால் நல்ல செருப்பு பீரோவுக்குள் இருக்கிறது. பீரோவை ஒழிக்கத் தெம்பு வேண்டும். தெம்புக்குச் சர்க்கரை போட்ட டீ வேண்டும். சர்க்கரையைக் குறைப்பதோ மூன்றாவது எண். ஆக, டீயோடு அந்த வாரம் முடியும். 'நாக்கை அடக்குவது' மட்டும் ஏழாம் இடத்துக்கு மேலே ஏறியதே இல்லை. சிரிக்கிறேனே தவிர, எனக்கும் இப்படியொரு பட்டியல் உண்டு. எழுதி மாட்டத்தான் தைரியமில்லை.

நேற்று மதியம் நான் போனபோது அட்டை மேசைமேல் கிடந்தது. பக்கத்தில் டீ ஆறிக்கொண்டிருந்தது. அக்காவின் ஒரே மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது. மூன்று மணி பஸ். காலையில் சாப்பிட உட்கார்ந்தவளிடம், "அங்க போய் மட்டும் என்னத்தக் கிழிக்கப்போறே?" என்று கேட்டுவிட்டாராம். அவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பெட்டி அடுக்க எழுந்து போய்விட்டாளாம்.

"இப்பப் போனா மூஞ்சியத் திருப்பிப்பா. ஊர் போய்ச் சேரட்டும். ஒரு மாசம் ஆறட்டும். அப்புறமாப் பேசிக்கலாம்," என்றார் அக்கா. சொல்லிக்கொண்டே நாக்கை ஏழிலிருந்து எட்டுக்குத் தள்ளினார்.

மணி இரண்டரை. பஸ் நிலையம் நடந்தால் பத்து நிமிடம். எனக்கு வந்த எரிச்சலில் ஏதாவது சொல்லியிருப்பேன். ஊருக்கு உபதேசம் செய்ய நான் யார்? கையிலிருந்த சட்டையை நீட்டினேன். பழக்கதோஷம், வாங்கி முகர்ந்தார்.

"டீ. இன்னைக்குக் காலையில பட்டது," என்றார். "புதுசுதான்."

சட்டையைப் பிடித்தபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கறையோடு அதை என் கையிலேயே திணித்துவிட்டு, முந்தானையில் முகத்தை ஒரு துடை துடைத்துக்கொண்டு வெளியே பாய்ந்தார். நான் உள்ளே நிற்பதைக்கூடக் கவனிக்காமல் ஷட்டரைத் தடதடவென்று இழுத்து மூடிவிட்டார்.