கல்லுக்குள் புட்டா

வானத்திலிருந்து ஒரு கல் என் சகலையின் நிலத்தில் விழுந்தது. என் நிலத்தில் விழவில்லை. சேவூரில் அவருக்கு இருப்பது ஒரு துண்டு நெல்வயல். அவருடைய வரப்பு முடிகிற இடத்திலிருந்து ரோடு வரைக்கும் என்னுடையது. இத்தனை இடத்தை விட்டுவிட்டு அந்தக் கல் தேடிப்போய் அவருடைய பம்புசெட் தொட்டியில்தான் விழவேண்டுமா? அன்றைக்கு வயிற்றில் பற்றிய நெருப்பு இதை எழுதும்போதும் முழுசாக அணையவில்லை.

நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். அடுத்தவர் தறியில் கூலிக்கு உட்கார்ந்தவன், இன்று பட்டுச்சேலை மொத்த வியாபாரம் செய்கிறேன். ஆரணியில் பஸ்ஸை விட்டு இறங்கி என் கடை எங்கே என்று கேட்டால், ஆட்டோக்காரர் இரண்டாவது கேள்வி கேட்காமல் கொண்டுவந்து விடுவார். யாரும் கைதூக்கி விடவில்லை, நானாக ஏறினேன். என் மனைவியின் தங்கையைக் கட்டிய சகலையோ அரசாங்க உத்தியோகத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். நல்ல மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். அவரிடம் எனக்குப் பிடிக்காததே அதுதான். சண்டை போட ஒரு பிடி கொடுக்கமாட்டார்.

மாமியார் வீட்டுக்கு நான் பெரிய மாப்பிள்ளை. மாமனார் காலமான பிறகு அந்த வீட்டு நிச்சயதார்த்தங்களில் பெண் வீட்டுக்காக நின்று தட்டு மாற்றுவது நான்தான். என்னைக் கேட்காமல் அங்கே ஒரு வெற்றிலை நகராது. கல் விழுந்த சமயம், மச்சானின் பெண்ணுக்கு வந்தவாசியில் சம்பந்தம் பேசி நிச்சயத்துக்கு நாள் குறித்திருந்தோம். தட்டைத் தொடப்போவது யார் கை என்று அதுவரைக்கும் ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

அறுவடை முடிந்திருந்தது. மதியச் சாப்பாட்டு வேளையில் பெரிய சத்தம் ஒன்று கேட்டுக் கடையின் கண்ணாடி அலமாரிகள் அதிர்ந்தன. எங்கேயோ பாறைக்கு வெடி வைக்கிறார்கள் என்று இருந்துவிட்டேன். பிறகு மனைவியிடமிருந்து போன். "இன்னாங்க, தங்கச்சி நெலத்துல வானத்துலேந்து கல்லு வுழுந்துச்சாம். ஊரே போவுது. நான் கெளம்பிட்டேன்." சாப்பாடு எங்கே என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

நானும் போனேன். ஒரு சின்ன தேங்காய் அளவு. வெளிப்பக்கம் அடுப்புக்கரி பூசியதுபோல் கருப்பு. தொட்டி விளிம்பில் பட்டு ஒரு மூலை உடைந்திருந்தது, உடைந்த இடம் சிமெண்ட் நிறம். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம்.

"இன்னா சகலை இது? பவர்லூம்காரன் எவனோ ஒடஞ்ச வார்ப்பிரும்பைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிருக்கான். இத வெச்சிகினு ஊரைக் கூட்டிகினு கீறீங்களே."

"நான் எங்கண்ணே கூட்டினேன்? அவங்களா வராங்க" என்றார் அவர். "வெயில்ல நிக்காதீங்க, இப்படி நெழலுக்கு வாங்க."

பாருங்கள், இதுதான் அவர்.

அவர் சொன்னது உண்மை. அவர்களாகத்தான் வந்தார்கள். கண்ணமங்கலத்திலிருந்து கூட பைக்கில் வந்து கல்லோடு செல்ஃபி எடுத்தார்கள். என் கொழுந்தியாள் கல்லை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பலகையில் உட்காரவைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, தினம் பால் ஊற்றினாள். என் மனைவி காலையிலேயே கிளம்பிப்போய் வருகிறவர்களுக்கெல்லாம் டீ போட்டாள். என் வீட்டு டீத்தூளில். நான் மூன்று மாடி கட்டிக் குடிபுகுந்தபோது கூட இவ்வளவு பேர் வீட்டுக்கு வந்ததில்லை.

அப்புறம் ஒருநாள் மச்சான் கடைக்கு வந்தார். சேலைகளைப் புரட்டினார், மின்விசிறியைப் பார்த்தார்.

"சொல்லு மச்சான், இன்னா விஷயம்?"

"ஒண்ணுமில்ல மாமா. மாப்பிள்ளை வூட்ல ஒரு பேச்சு வந்துச்சி. கல்லு வுழுந்த நெலத்துக்காரர் உங்க வூட்டு மாப்பிள்ளையாமே, ஆகாசமே தேடி வந்த கை, அவரு தட்டு மாத்தினா அதிர்ஷ்டமாச்சேன்னு கேக்கறாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"வூட்ல கேட்டுச் சொல்றேன்னேன்."

"இந்த மாதிரி விஷயத்துக்கு வூட்ல யாரைக் கேப்ப?"

"உங்களைத்தான் மாமா. அதான் பேஜாரா கீது."

நான் சிரித்தேன். அது டூப்ளிகேட் கல், அதை எல்லார் எதிரிலும் காட்டித் தருகிறேன், அப்புறம் யார் கை அதிர்ஷ்டக் கை என்று வந்தவாசிக்காரர்களே சொல்லட்டும் என்று அவரை அனுப்பிவைத்தேன். சரக்கைப் பார்த்து அசல் எது, போலி எது என்று சொல்லித்தான் இத்தனை வருஷம் சோறு தின்கிறேன். ஜரிகையைக் கரகரப்பான கல்லில் தேய்த்தால் வெள்ளிக்கு உள்ளே ஓடுகிற பட்டிழை சிவப்பாகத் தெரியவேண்டும். சிவப்பு வந்தால் அசல். வேறு நிறம் வந்தால் கட்டைத் திருப்பி அனுப்பிவிடுவேன், கொண்டுவந்தவன் சொந்தக்காரனாக இருந்தாலும்.

மறுநாள் சகலை வீட்டுக்குப் போனபோது அங்கே வேலூர்க் கல்லூரியில் கல்லையும் மண்ணையும் பற்றிப் பாடம் எடுக்கும் மேடம் ஒருவர் வந்திருந்தார். நல்லதாயிற்று, சாட்சி ஆயிற்று என்று முன்னால் போய்க் கல்லைத் திருப்பி உடைந்த பக்கத்தைப் பார்த்தேன். சாம்பல் நிறத்துக்கு நடுவில் அங்கங்கே சிவப்பு.

என் தொழில் என்னைக் கவிழ்த்தது. "அசலு" என்று என் வாயிலிருந்தே வந்துவிட்டது. கூடியிருந்த எல்லோருக்கும் கேட்டது.

மேடம் எட்டிப் பார்த்துவிட்டு, "அது துருங்க ஐயா" என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "துருவா? நான்தான் அன்னிக்கே சொன்னேனே, பழைய இரும்புன்னு."

"இல்லீங்க, நீங்க மொதல்ல அசலுன்னு சொன்னதுதான் சரி. நம்ம ஊரு கல்லுல இரும்பு வேற சத்தோட சேந்துதான் இருக்கும். இதுல இரும்பு தனியா, நிக்கல் கலந்து, பொடிப்பொடியா இருக்கு. பாலும் தண்ணியும் பட்டதுல துருப் பிடிச்சிருக்கு." பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து நூலில் தொங்கவிட்டார். அது கல்லின் பக்கம் சாய்ந்து ஒட்டிக்கொண்டது. "தயவுசெஞ்சு இனிமே பால் ஊத்தாதீங்க. அரசாங்கத்துல இருந்து வந்து வாங்கிக்கிற வரைக்கும் ஈரம் படாம வைங்க."

கொழுந்தியாள் சொம்பைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். நான் எங்கே போய் மறைவது?

மேடம் உதிர்ந்திருந்த ஒரு துண்டை உப்புத்தாளில் தேய்த்து வழவழப்பாக்கி, லென்ஸில் பார்த்துக்கொண்டே சொன்னார். மேலே இருக்கிற கருப்புத் தோல், காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தபோது உருகி இறுகியது. உள்ளே முக்கால்வாசி இரண்டு கனிமங்கள். பச்சைச் சாயல் ஆலிவைன், பழுப்புச் சாயல் பைராக்சின். இரண்டும் நம் பூமியின் அடியாழத்திலும் உண்டு. கொஞ்சம் வெள்ளை ஃபெல்ட்ஸ்பார். மின்னுவது இரும்பு. மஞ்சளாக மின்னுவது இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் கோடிக்கணக்கான கற்கள் சூரியனைச் சுற்றுகின்றன. அவற்றில் இரண்டு மோதிச் சிதறியதில் வழி தப்பி வந்த சில்லு இது.

செவ்வாயும் வியாழனும் எனக்கு ஜாதகத்தில்தான் பழக்கம். "அப்ப இதுக்கு செவ்வாய்தோஷம் உண்டாங்க?" என்று சகலை பணிவாகக் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கூட அவருக்குத்தான் கிடைத்தது.

"இதுக்குள்ள குட்டிக்குட்டியா உருண்டை உருண்டையா இருக்கு பாருங்க, இதுக்கு காண்ட்ரூல்னு பேரு. தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னு எனக்கே தெரியல" என்றார் மேடம்.

நூல் எண்ணுவதற்கு நான் எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தேன். சாம்பல் உடலில் கடுகு கடுகாக வட்டங்கள் இறைந்து கிடந்தன. ஒன்றுபோல் ஒன்றில்லை. ஆனாலும் பார்த்த கண்ணுக்குத் தெரியாதா?

"புட்டா" என்றேன்.

"என்னங்க?"

"சேலை ஒடம்புல அங்கங்க பொட்டுப் பொட்டா போடுவோமே, புட்டா. இது ஒடம்பு பூரா புட்டா போட்ட கல்லு."

மேடத்துக்கு அது பிடித்துப்போனது. "ஆனா ஒரு வித்தியாசம் ஐயா. நீங்க சேலை நெய்யும்போதே புட்டா போடுவீங்க. இங்க புட்டாதான் மொதல்ல வந்தது. சூரியன் புதுசா இருந்தப்ப, சுத்தி இருந்த தூசி உருகி, துளித்துளியா எறுகினது இது. அந்தத் துளியெல்லாம் தூசியோட சேந்துதான் இந்தக் கல்லு ஆச்சு. அப்ப பூமியே இல்ல. நானூத்தம்பது கோடி வருஷத்துக்கு மேல."

சேலைக்கு முன்பே புட்டா. வீடு திரும்புகிற வழியெல்லாம் அது மண்டைக்குள் ஓடியது. என் கடைப் பலகையில் இத்தனை ஆண்டுப் பாரம்பரியம் என்று தங்க எழுத்தில் போட்டு வைத்திருக்கிறேன். பூமியை விட மூத்தது ஒன்று என் சகலை வீட்டுப் பலகையில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதற்காக அவர் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டதுண்டா?

மச்சானிடம் நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. கல் அசலாக இருக்கட்டும், மூத்தவன் நான்தானே என்றேன். அவர் மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன பதில் சொன்னாரோ, நிச்சயத்தன்று வரைக்கும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று மச்சான் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. வந்தவாசிக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் வாட்டசாட்டமான ஆள், குரலும் அப்படியே. வந்ததும் சகலையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"நீங்கதான் கல்லுக்காரரா? அது எதால ஆனதுங்க?"

"கல்லாலதாங்க" என்றார் சகலை.

"உள்ள இன்னா கீது?"

"உள்ளயும் கல்லுதாங்க. அந்த மேடம் என்னமோ சொன்னாங்க, இங்கிலீஷ்ல."

எனக்குப் பொறுக்கவில்லை. இப்படிப்பட்ட கல் இப்படிப்பட்டவருக்கா? நடுவில் போய் நின்றேன். பெண்ணுக்கு நான் கொடுத்த நிச்சயச் சேலையில் உடல் முழுக்கப் புட்டா. அவள் மடியிலிருந்த அந்தச் சேலையை விரித்துப் பிடிக்கச் சொன்னேன். இந்தச் சேலை உடல் தூசி என்று வைத்துக்கொள்ளுங்கள், இந்தப் பொட்டெல்லாம் உருகி இறுகிய துளி என்று தொடங்கினேன். பச்சைக் கனிமம், பழுப்புக் கனிமம், ஜரிகை மாதிரி ஊடே ஓடும் இரும்பு, கருப்புத் தோல், செவ்வாய், வியாழன், நடுவில் மோதல், எல்லாம் சொன்னேன். பந்தலில் ஒரு டம்ளர் சத்தம் கூட இல்லை. மேடமே இவ்வளவு நன்றாகச் சொல்லவில்லை. தாய்மாமன் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"இவ்ளோ கேட்ட பெறகு பாக்காம எப்படி?" என்று அவர் எழுந்தார். "நல்ல நேரம் பன்னெண்டு வரைக்கும் கீதே. வண்டி நிக்குது. ஜல்தியா ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம்."

வேன் நிறைந்தது. பைக்குகள் கிளம்பின. சகலை வழிகாட்ட முன்னால் ஏறினார். தங்கைக்கு ஒத்தாசை என்று என் மனைவியும் ஏறினாள். மச்சான் சம்பந்திகளை விடமுடியாமல் பின்னால் ஓடினார். போட்டோக்காரரும் காமிராவோடு போய்விட்டார்.

பன்னிரண்டு நெருங்கியது. வேன் வரவில்லை. போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை. ஐயர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, நேரம் தப்பக்கூடாது, இருக்கிற பெரியவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். மாப்பிள்ளை வீட்டில் மிச்சம் இருந்தது முட்டிவலியால் வேனில் ஏறாத தாத்தா மட்டும். காது மந்தம். அவரிடம் நான் தட்டைக் கொடுத்தேன். சாப்பிடச் சொல்கிறேன் என்று நினைத்து ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்துக்கொண்டார். ஐயர் கத்திச் சொன்ன பிறகுதான் தன் தட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். பெண்ணும் அவள் அம்மாவும் சமையல்காரர்களும் பார்த்தார்கள். முறைப்படி, நல்ல நேரத்தில், என் கையால் நடந்தது.

எல்லோரும் திரும்பி வந்ததும் போட்டோக்காரர், "தட்டு மாத்தறத நான் எடுக்கலியே, இன்னொரு வாட்டி நில்லுங்க" என்றார். தாய்மாமன் தட்டைத் தூக்கிச் சகலை கையில் வைத்தார்.

"அண்ணன்தானே மாத்தினாரு. அவரு இல்லாம நான் எப்படி?" என்று சகலை என் கையைப் பிடித்து இழுத்துத் தட்டின் மறுமுனையில் வைத்தார். எவ்வளவு பெருந்தன்மை. எனக்கு அதிலும் எரிந்தது.

மச்சான் வீட்டுக் கூடத்தில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். சகலை முகம் பளிச்சென்று விழுந்திருக்கிறது. என் முகத்தில் பாதியைத் தாய்மாமனின் தோள் மறைத்துவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் படத்தைக் காட்டி, கல்லு வுழுந்தது இவரு நெலத்துலதானே என்று கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன். உள்ளே என்ன இருந்தது தெரியுமா என்று கேட்டு, அவர்கள் பதில் சொல்வதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறேன். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் யாரும் படத்தைப் பார்ப்பதில்லை.