காலையில் எல்லாரும் போய்விடுகிற ஊர்

நான் இங்கிலாந்து போய் வந்ததைக் கேள்விப்பட்டு, கற்பிட்டியில் எங்கள் தெருப் பெண்கள் மாறி மாறி வந்து கதை கேட்கிறார்கள். லண்டன் எப்படி, அரண்மனை எப்படி என்று. நான் எங்கே லண்டனைக் கண்டேன்? தங்கச்சி இருப்பது லண்டனுக்கு வடக்கே, ரயிலில் போய்வருகிற தூரத்தில் ஒரு பெரிய ஊர். ஒரு காலத்தில் தொப்பி செய்தார்களாம், பிறகு கார் செய்தார்களாம். இப்போது அங்கே செய்வது நித்திரை மட்டும்தான். பழைய தொழிற்சாலையின் சுவர் கறுத்துப்போய் நிற்கிறது. உள்ளே வாகனம் நிறுத்துகிறார்கள். இதைச் சொன்னால் வந்தவர்களுக்கு முகம் விழுந்துவிடுகிறது. நான் என்ன செய்ய?

தங்கச்சி என்னை ஊர் பார்க்கக் கூப்பிடவில்லை. உம்மா மவுத்தான பிறகு நான் தனியாள். கட்டின கலியாணமும் நிலைக்கவில்லை. "அங்க ஆரு இருக்கா ராத்தா உங்களுக்கு? இங்க வந்து என்னோடயே இருந்திடுங்க" என்று போனில் ஒரே அரியண்டம். வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று சொல்லித்தான் விமானம் ஏறினேன்.

அவளுக்கு என்னிடம் அப்படி உரிமை இருக்கிறது. தொண்ணூறில் துப்பாக்கியோடு வந்த இயக்கக்காரர் முஸ்லிம்களான எங்கள் ஆட்களை மன்னாரை விட்டுப் போகச் சொன்னபோது அவள் நடை பழகின பிள்ளை. உம்மாவின் இரண்டு கையிலும் பைகள். நான்தான் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வள்ளத்தில் ஏறி, கற்பிட்டிக் கரையில் இறங்கினேன். அன்றிலிருந்து யார் கேட்டாலும் எங்களுக்கு ஊர் மன்னார்தான். கற்பிட்டி 'இருக்கிற இடம்'. கிணறு வெட்டி, ஓலையை மாற்றி ஓடு போட்டு, உம்மாவை அந்த மண்ணிலேயே அடக்கம் செய்த பிறகும் அது இருக்கிற இடம்தான். மன்னார் எப்படி இருக்கும் என்றே தெரியாத தங்கச்சியும் அங்கே வெள்ளைக்காரரிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

நான் போய் இறங்கியது ஒரு சனிக்கிழமை. திங்கட்கிழமை விடியுமுன்னே தங்கச்சியும் மச்சானும் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய சின்ன மகளுக்கு நான் காவல். சுபஹ் தொழுதுவிட்டு, சரியாக நித்திரை கொள்ளாத கண்ணோடு ஜன்னலைத் திறந்தேன்.

தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆணும் பெண்ணும் முதுகில் பையோடு வெளியே வந்தார்கள். ஒருவர் மற்றவரோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. எல்லாரும் ஒரே பக்கமாக நடந்தார்கள். தெரு நிறைந்தது. தூரத்தில் ஒலிபெருக்கியில் யாரோ எதையோ அறிவித்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதைக் கேட்டதும் சிலர் ஓடத் தொடங்கினார்கள்.

யா அல்லாஹ்! மன்னாரில் எங்களையும் அன்றைக்கு ஒலிபெருக்கியில்தானே போகச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. பாஸ்போர்ட், பிள்ளையின் பால் போத்தல், மேசையில் சாப்பிட்டு மிஞ்சிக் கிடந்த பாதிப் பாண், எல்லாவற்றையும் பைக்குள் திணித்தேன். பிள்ளையைப் போர்வையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு, வீட்டுச் செருப்போடு அந்தச் சனத்துக்குள் இறங்கினேன். ஒரு ஆளாவது என்ன ஏது என்று கேட்க வேண்டுமே! கேட்கவில்லை. அதனால் எனக்குப் பயம் இன்னும் கூடியது.

கூட்டம் போய் நின்றது ரயில் ஸ்டேஷனில். படலையில் டிக்கெட் பார்க்கிற பெண், தலையில் முக்காடு போட்டவள், என்னை நிறுத்தினாள். எல்லாரும் எங்கே போகிறார்கள் என்று என் அரைகுறை இங்கிலீசில் கேட்டேன்.

"வேலைக்கு" என்றாள்.

"திரும்பி வருவார்களா?"

அவள் சிரிக்கவில்லை. என் காலையும் பிள்ளையையும் பார்த்தாள். "பின்னேரம் வருவார்கள்" என்று சொல்லி, என்னை ஒரு வாங்கில் உட்காரவைத்துத் தண்ணீர் தந்தாள். எனக்கு வந்த வெட்கத்தில் அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. எத்தனை வருடம் போனாலும் இந்தப் பாழாய்ப்போன பயம் போகாதா என்று அழுகை வந்தது.

பின்னேரம் பிள்ளையோடு மறுபடியும் ஸ்டேஷனுக்குப் போனேன். அவர்கள் வருவதை என் கண்ணால் பார்க்கவேண்டும் போலிருந்தது. வந்தார்கள். உப்பில் போட்டெடுத்த மீன் மாதிரி முகங்கள், ஆனால் வந்தார்கள். கூட்டத்தின் கடைசியில் தங்கச்சி, சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். காலையில் நடந்ததைப் போனில் சொல்லியிருந்தேன்.

"என்ன ராத்தா, திரும்பவும் ஓட வந்திட்டீங்களா?" என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"நான் வீட்ட போகப்போறன்" என்றேன்.

"ஓம், வாங்க போவம்."

"உன்ட வீட்ட இல்ல. எங்கட வீட்ட."

"மன்னாருக்கா? அங்க இப்ப என்ன இருக்கு?"

"கற்பிட்டிக்கு."

அந்தச் சொல் என் வாயிலிருந்து அப்படி வந்ததைக் கேட்டு நானே திகைத்துப்போனேன். அவளும் நின்றுவிட்டாள். சனம் எங்களைச் சுற்றிப் பிரிந்து போய்க்கொண்டிருந்தது.

"கோவமா?" என்று கேட்டேன்.

"கோவமில்ல ராத்தா." கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். "இவ்வளவு வருசமா இந்த ரயிலால இறங்கிறன். வெளியில ஒரு ஆள் எனக்காக நிண்டது இண்டைக்குத்தான். நீங்க போனா இனி ஆரு நிப்பா?"

பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினேன். அவளுடைய சப்பாத்தை வாங்கிக்கொண்டு நடந்தேன்.