கொம்பையா பெயரில் ஒரு படம்

வேல்ராஜுக்குப் பொறாமை என்று சொன்னால் அவன் ஒத்துக்கொள்ள மாட்டான். ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலை லேபில் நான் கொம்பையாவைப் பாராட்டும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். கஷாயம் குடித்தவன்கூட அப்படி முகத்தை வைத்துக்கொள்ள மாட்டான்.

இருவரும் திருநெல்வேலிப் பக்கம். படப்பையில் ஒரே அறையில் வாடகைக்கு இருக்கிறார்கள். வெள்ளி உப்பையும் ஜெலட்டினையும் காய்ச்சி, கண்ணாடியில் பூசி, வீட்டிலேயே ஃபிலிம் செய்யும் பைத்தியம் முதலில் வேல்ராஜுக்குத்தான் பிடித்தது. குளியலறையில் சிவப்பு பல்ப் மாட்டி, கொம்பையாவுக்கும் அவனே சொல்லிக் கொடுத்தான். அங்கே ஆரம்பித்தது வினை.

என் வேலை மைக்ரோஸ்கோப்பில் இரும்பின் கிரெயினைப் பார்ப்பது. உள்ளே இருக்கும் மணிகள் எவ்வளவு பொடியோ, இரும்பு அவ்வளவு உசத்தி. சாப்பாட்டு இடைவேளையில் இருவரும் தாங்கள் பூசிய கண்ணாடியில் ஆளுக்கொரு துண்டை நீட்டுவார்கள். அதிலும் வெள்ளி மணிமணியாகத் தெரியும். அதே கணக்கைத்தான் நான் அதற்கும் போட்டேன். அவர்களும் லேப் ஆட்கள்தானே, தலையாட்டினார்கள்.

"இன்னாடா வேலு, உளுந்தையும் கடுகையும் ஒண்ணா கொட்டி வெச்சா மாரி கீது? கொம்பையாவோடது பாரு, சலிச்ச ரவை."

"நான் சொல்லிக் குடுத்த பயதான்க்கா அவன்."

"அதுக்கு இன்னா இப்ப? உன்ன தாண்டிட்டான்."

அன்று அவன் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

ஆயுத பூஜை வந்தது. இருவரையும் ஆளுக்கொரு குரூப் போட்டோ எடுக்கச் சொன்னார் மேனேஜர். நன்றாக வரும் படத்தை, எடுத்தவர் பெயர் போட்டு லேப் வாசலில் மாட்டுவதாகவும் சொல்லிவிட்டார். வேல்ராஜுக்கு அந்தப் பெயர் வேண்டும். இத்தனை வருடத்தில் இந்த ஊரில் அவன் பெயர் இருப்பது கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் மட்டும்தான்.

கேமரா இருவருக்கும் ஒன்றே, மரப்பெட்டிக் கேமரா. கும்பல் அசையாமல் நிற்க வேண்டுமே, அதனால் ஐந்து எண்ணும்வரை மட்டும் மூடியைத் திறப்பது என்று ஏற்பாடு. முதலில் வேல்ராஜ் எடுத்தான், அடுத்து கொம்பையா.

மறுநாள் நெகட்டிவ் கண்ணாடிகளையும் பிரிண்டுகளையும் கொண்டுவந்தார்கள். வேல்ராஜின் பிரிண்ட் முழுக்கக் கறுப்பு. நடுவில் சூடத்தின் சுடர் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி. கொம்பையாவுடையதில் பூசணிக்காய், வாழைக்கன்று, என் மூக்குத்தி வரைக்கும் பளிச்சென்று இருந்தது.

வேல்ராஜ் வாய்க்கு வந்தபடி குறை சொல்லப்போகிறான் என்று காத்திருந்தேன். அவன் கொம்பையாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதுதான் எனக்கு உறுத்தியது. கொம்பையாவின் நெகட்டிவை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். உளுந்தும் கடுகும். வேல்ராஜின் கண்ணாடியில் அந்தச் சுடர்ப் புள்ளியைப் பார்த்தேன். ரவை.

அடப்பாவி. ரவை உசத்தி என்று நான் சொன்னதை நம்பி, வேல்ராஜ் குளியலறையில் யாருக்கும் தெரியாமல் கொம்பையா பூசிய கண்ணாடியை எடுத்துக்கொண்டு, தன்னுடையதை அந்த இடத்தில் மாற்றி வைத்திருக்கிறான். ஃபிலிமில் பெரிய மணிதான் வெளிச்சத்தைச் சட்டென்று பிடிக்கும் போலிருக்கிறது. பொடி மணிக்கு ஐந்து எண்ணுவது எந்த மூலைக்கு? இது அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கொம்பையாவின் நெகட்டிவைத் திரும்ப மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன்.

"வேலு, இங்க வா. இந்தப் படம் வந்துகீதே, இந்தக் கண்ணாடி யாரு பூசினதுடா?"

கொம்பையா பக்கத்திலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தான். வேல்ராஜ் குனிந்து லென்ஸில் பார்த்தான்.

"அவன் பூசுனதுதான்க்கா."

கொம்பையா அவன் தோளில் கையைப் போட்டான். "எல்லாம் நீ சொல்லிக் குடுத்ததுதாம்ல."

உண்மை என் நாக்கு நுனி வரை வந்தது. திருட்டுப் பயலுக்கு நான் எதற்கு வக்காலத்து வாங்க வேண்டும்? கண்ணாடியை லென்ஸுக்கு அடியிலிருந்து எடுத்துவிட்டேன்.

சாயங்காலம் வாசலில் படத்தை மாட்டினோம். கீழே பெயரை ஒட்ட வேண்டும். கொம்பையாவுக்குக் கை எட்டவில்லை. "நீயே ஒட்டுல" என்று வேல்ராஜிடம் நீட்டினான். அவன் வாங்கி, எழுத்து கோணாமல், நான்கு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினான்.