ஆறு மணிக்கு மேல் விலை ஏறும்

மின்வாரியத்தோடு இருந்த நிலையான விலை ஒப்பந்தம் முடிந்த வருடம், எங்கள் சர்க்கரை ஆலையின் மின் நிலையத்தை மூடிவிடலாமா என்ற பேச்சு வந்தது. கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் அது. மின் விற்பனைக்கு நான் பொறுப்பு. ஒப்பந்தம் இருந்தவரை என் பாடு சுகம். எப்போது ஓட்டினாலும் ஒரே விலை. இனி நாளைய மின்சாரத்தை இன்றே பவர் எக்ஸ்சேஞ்ச் என்ற மின்சாரச் சந்தையில் விற்க வேண்டும், அங்கே நேரத்துக்கு ஒரு விலை.

எம்.டி. கூப்பிட்டு உட்கார வைத்தார். “பகல்ல சோலார்காரங்க கொட்றாங்க. நம்ம கரண்ட்ட எவன் சார் வாங்குவான்? அரவை முடிஞ்சதும் பிளான்ட்டையும் மூடிட்றேன்.”

கரும்பு அரவை இல்லாத மாதங்களில் சக்கையைக் குவித்து வைக்கும் யார்டுதான் பல கூலிக் குடும்பங்களுக்குச் சோறு. மூடினால் பெங்களூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வெயிலைக் குவித்து வைக்க முடியாது, சக்கையை முடியும். அதைத்தான் சொன்னேன். “வெயில் அடிக்கிறப்ப பாதி லோடுல ஓட்டலாம் சார். சக்கைய மிச்சம் புடிச்சி, ஆறு மணிக்கு மேல ஃபுல் லோடு குடுப்போம். அப்பதான் ரேட்டு ஜாஸ்தி.”

பாய்லர் ஆபரேட்டர் ஏழுமலைக்கு இது பிடிக்கவில்லை. “பாதி லோடா? பந்தியில ஒக்கார வச்சி பாதி சோறு போட்ற மாதிரி கீதுங்க” என்றார். ஆனாலும் ஓட்டினார். திட்டம் பலித்தது. யார்டு ஆட்களில் ஒருவர்கூட ஊரை விட்டுப் போகவில்லை. அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு.

ஆனால் ஆறு மணி என்பது கலைவாணி பஸ்ஸை விட்டு இறங்கும் நேரம். என் மனைவி. கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். காலையில் மலையேறி, மாலையில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்குவாள். நான் காத்திருப்பேன். டீ குடித்து, காய் வாங்கி, அவள் சொல்லும் பள்ளிக் கதைகளைக் கேட்டுக்கொண்டே வீட்டுக்கு நடப்போம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நாளில் எங்களுக்கென்று இருந்தது அந்த நேரம்தான். மின்சாரச் சந்தையில் விலை ஏறியதும் அதே நேரத்தில்தான். தருவதாகச் சொன்ன அளவில் குறைந்தால் அபராதம் என்பதால் நான் கன்ட்ரோல் ரூமை விட்டு நகர முடியாது.

ஒரு மழைக்காலத்தில் அவள் பள்ளியின் பெண்கள் விடுதிக்கு வார்டன் தேவைப்பட்டார். ஒப்புக்கொண்டுவிட்டாள். “ஏங்க, பூட்டிக் கெடக்கற வூட்டுக்கு நான் எதுக்குத் தெனம் மலையெறங்கி வரணும்? வெள்ளிக்கெழம வந்துட்றேன்.” கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

டர்பைன் ஹாலுக்கு வெளியே வந்தால் மேற்கே மலை தெரியும். மாலையில் இருட்டும்வரை அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவள் நினைப்பாகவே இருக்கும்.

பிறகு சந்தை மறுபடியும் மாறியது. சோலார்காரர்கள் பேட்டரி வைத்து, பகல் வெயிலை மாலையில் விற்கத் தொடங்கினார்கள். மாலை விலை இறங்கியது. மீட்டிங்கில் எல்லார் முகமும் தொங்கிப் போயிருந்தது. எனக்கு மட்டும் உள்ளுக்குள் சந்தோஷம். வெளியே வந்ததும் போன் செய்தேன்.

“கலை, இனிமே சாயங்காலம் எனக்கு வேல கம்மி. நீ கீழயே வந்துடேன்.”

பின்னால் பெண்பிள்ளைகள் வாய்விட்டுப் படிக்கும் சத்தம். “இப்ப எப்பிடிங்க? ஆறு மணிக்குத்தான் புள்ளைங்க படிக்க ஒக்காருதுங்க. நான் இல்லன்னா பொஸ்தகத்த மூடிட்டு பூடுதுங்க.”

“அப்ப நான் மேல வந்துட்றேன்.”

“பொண்ணுங்க ஹாஸ்டலுக்கா? இன்னா பேச்சு பேசறீங்க!” சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த சீசனில் பாய்லரை மூட்டுவதற்கென்று கொஞ்சம் சக்கையைத் தார்ப்பாய் போட்டு மூடி வைப்பது எங்கள் ஆலை வழக்கம். எக்ஸ்சேஞ்சில் என்ன விலை வந்தாலும் அதைத் தொட மாட்டோம். தொட்டால் மறுபடி அடுப்பு மூட்ட வழியில்லை. விற்பனைத் திட்டம் போடும்போது உங்கள் வீட்டுக்கும் அப்படிக் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறேன். வெள்ளிமலை பஸ் வந்து நிற்கும். வெள்ளிக்கிழமை மட்டும் கலைவாணி இறங்குவாள். மற்ற நாட்களிலும் கடைசி ஆள் இறங்கும்வரை நின்றுவிட்டுத்தான் வருகிறேன்.