வெர்லின் புதைத்த ஜட்டி

அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரில் மண் நீர் பாதுகாப்பு அலுவலகம் என்று ஒன்று உண்டு. ஆர்டிஸ் என்ற பெண்மணி அங்கேதான் வேலை பார்த்தார். யாரையும் அதட்ட அந்த அலுவலகத்துக்கு அதிகாரம் கிடையாது. போய்க் கேட்கலாம், அவ்வளவுதான். ஆர்டிஸும் தலை நரைக்கும் வரை கேட்டார். வீடு வீடாகப் போய்க் காப்பி குடித்துவிட்டு, "சரிவுல உழாதீங்க, அறுவடை முடிஞ்சதும் மண்ணு கரையாம இருக்கப் புல்லு விதைங்க" என்பார். பலர் கேட்டுக்கொண்டார்கள். கூடப் பிறந்த அண்ணன் வெர்லின் மட்டும் அசையவில்லை.

அப்பாவின் சரிவு நிலம் வெர்லினிடம் இருந்தது. மழைக்கு மழை கறுப்பு மண் கரைந்து ஓடைக்குப் போனது. மேட்டில் மஞ்சள் களிமண் தெரிய ஆரம்பித்துவிட்டது. இன்னும் கொஞ்ச காலம் போனால் அங்கே எதுவும் விளையாது. ஆர்டிஸ் தினமும் ஜெபத்தில் இதைச் சொல்லுவார். கர்த்தருக்கே அந்த நிலத்தின் எல்லைகள் மனப்பாடமாகியிருக்கும்.

அந்த வருஷம் அலுவலகம் விவசாயிகளுக்கு ஆளுக்கொரு புதுப் பருத்தி ஜட்டி கொடுத்தது. விதைப்பின்போது புதைத்து, கோடை முடிவில் தோண்டி எடுக்க வேண்டும். உயிருள்ள மண் துணியைத் தின்றுவிடும். ஆர்டிஸ் இதை விளக்கியபோது வெர்லின் டிராக்டரை அணைக்கவில்லை; புதைத்து எடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவர் காதில் விழுந்தது.

கோடை முடிவில், ஊர்க் கண்காட்சியில் தோண்டியெடுத்த ஜட்டிகளை எல்லாம் கொடியில் தொங்கவிட்டார்கள். பக்கத்து நிலத்துக் கேலனுடையதில் இடுப்பு எலாஸ்டிக் மட்டும் மிஞ்சியிருந்தது. வெர்லின் தன்னுடையதைத் துவைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தார்.

"என்னப்பா கேலன், உன் நிலத்துல துணிகூடத் தங்காதா? என்னுதைப் பாரு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கே போட்டுட்டுப் போலாம்!"

யாரும் சிரிக்கவில்லை. அது அந்த ஊர் மரியாதை. பாஸ்டர் தன் ஐஸ்கிரீமையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரிசு எப்பம்மா?" என்றார் வெர்லின்.

"அண்ணே, மண்ணு அதைத் தின்னிருக்கணும்ணே."

"என்னது?"

"உயிர் இருக்கற மண்ணு தின்னுடும். கேலனோடது தின்னிருக்கு."

"அப்போ என்னோடது?"

செத்துவிட்டது என்று சொல்ல ஆர்டிஸுக்கு மனம் வரவில்லை. "பசியில்லாம கெடக்குண்ணே" என்றார்.

"இஸ்திரி நல்லாயிருக்கு, வெர்லின்" என்றார் கேலன்.

வெர்லின் கொடியிலிருந்து தன் ஜட்டியை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு தங்கையை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அந்தப் புல்லு விதைக்கிற மெஷின் குடுப்பீங்கல்ல? யாருக்கும் தெரியாம எடுத்துட்டுப் போக முடியுமா?"

"ரோடு அகலத்துக்கு இருக்கும்ணே."

"கேலன் பாத்துருவானே."

"பாத்தா கையசைப்பாரு."

"அதுக்குத்தான் பயப்படுறேன்."

அறுவடை முடிந்ததும் மெஷின் கேலன் நிலத்தைத் தாண்டி வெர்லினின் சரிவுக்குப் போனது. கேலன் கையசைத்தார்.