ஜட்ஜ் ஐயாவின் குரல்

முதல் நாள் டூட்டி

இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் முடிந்திருந்த ஐயாவைப் பார்த்துக்கொள்ள, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பெரிய வீட்டுக்குப் போனேன். சீரியலில் ஜட்ஜாகவும் எஸ்டேட் முதலாளியாகவும் வருவாரே, அவரேதான். எனக்குப் படிப்பு குறைவு. மாத்திரை அட்டையை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் ஹோம் நர்ஸ் வேலையில் என்னைக் குறை சொன்ன வீடு சேலத்தில் ஒன்றுகூடக் கிடையாது.

“காப்பித்தண்ணி கொண்டாரட்டுங்களா?” என்று கேட்டேன்.

“காஃபி,” என்றார். “தண்ணி தனி, காஃபி தனி, சிஸ்டர்.”

“எங்க ராசிபுரத்துல ரெண்டும் ஒரே டம்ளர்லதானுங்க வரும்.”

சிரித்துவிட்டார். எல்லா வீட்டிலும் என்னை ஆயா என்பார்கள். இவர் மட்டும் சிஸ்டர் என்றார். அதில் கடைசி எழுத்து காதில் விழாது. அப்படியே காற்றில் விட்டுவிடுவார்.

அந்தக் குரலை எப்படிச் சொல்ல? நாங்கள் தறிக்காரக் குடும்பம். கஞ்சி போட்டு தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூலைத் தடவிப் பார்த்தால் விறைப்பும் இருக்கும், வழவழப்பும் இருக்கும். அப்படி ஒரு குரல். கனமாக அடிவயிற்றிலிருந்து வரும். சத்தம் போடவே மாட்டார். இங்கிலீஷில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நம்மைக் காக்க வைப்பார். எதிரில் நிற்பவன் தானாகக் கையைக் கட்டிக்கொள்வான்.

அது அவர் பிறந்த பேச்சு இல்லை. நாமகிரிப்பேட்டைப் பக்கம் மஞ்சள் விளைவிக்கிற குடும்பம். நடிக்கப் போன புதிதில் வீட்டை ‘ஊடு’ என்று சொன்னதற்கு எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்களாம். அப்புறம் மெட்ராஸில் ஒரு வக்கீல் வீட்டு மாடியில் குடியிருந்து, கீழே வக்கீல் தன் கட்சிக்காரர்களிடம் பேசுவதைக் கேட்டுக் கேட்டுப் பழகினாராம். அவர் மகளே அப்பாவின் ஊர்ப்பேச்சைக் கேட்டதில்லை.

புதுப் படமொன்றில் ஜட்ஜ் வேஷத்தை அவருக்காகவே வைத்திருந்தார்கள். “நடக்க வேண்டியதில்லை, சிஸ்டர். உட்கார்ந்து தீர்ப்பு சொன்னால் போதும்,” என்பார். அதை நினைத்தே பிசியோ வலியெல்லாம் பல்லைக் கடித்துப் பொறுத்தார்.

ஸ்ட்ரோக்

ஒரு காலையில் முகம் துடைக்கும்போது வாய் ஒரு பக்கம் இழுத்தது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் தங்கியது. பேச்சு நின்றுவிட்டது. ஸ்பீச் தெரபி கொடுத்தார்கள். மகள் ராப்பகலாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்தபின் ஒரு நாள் ஐயா ஜன்னல் பக்கம் பார்த்துக் கேட்டார்:

“ஏனுங்க, வெளிய மழ பேயுதுங்களா?”

மகள் வாசலைத் திரும்பிப் பார்த்தார். யாரோ வந்துவிட்டார்கள் என்று நினைத்தார், பாவம். தொண்டை அதே தொண்டைதான். பேச்சுதான் வேறு.

“அப்பா, ப்ளீஸ், விளையாடாதீங்க. ஒழுங்கா பேசுங்க.”

“நான் வெளையாடலீங்க கண்ணு. வாயில இதுதான் வருதுங்க.” சொன்னதும் அவருக்கே புரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தெரபிக்கு வந்த பெண் சந்தோஷப்பட்டது. “பேச்சு நல்லா தெளிவா இருக்கே, இதுக்கு மேல என்ன வேணும்?” என்றது. ஸ்ட்ரோக் வந்தால் சிலருக்குப் பேச்சின் சாடை இப்படி மாறுமாம். பழையபடி வருமா என்பதைச் சொல்ல முடியாதாம்.

ஐயா பழைய சீரியலைப் போடச் சொல்லிக் கூடவே பேசிப் பார்ப்பார். வராது. “முந்தி நான் எப்பிடிப் பேசுனனுங்க? சொல்லுங்க சாமி,” என்று என்னைக் கேட்பார். பாவு, கஞ்சி என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். காஃபி என்று அவரைப்போலவே சொல்லிக் காட்டுவேன். அவர் உதட்டைக் குவித்து முயற்சி செய்வார். ‘காப்பிங்க’ என்று வந்து விழும்.

படக்காரர் வந்த நாள்

வேஷம் கொடுத்த படக்காரர் பார்க்க வந்தார். ஐயாவுக்கு ஷேவ் செய்து, வெள்ளைச் சட்டை மாட்டி, தலையணை முட்டுக் கொடுத்து உட்கார வைத்தேன்.

“வாங்க சாமி, உக்காருங்க. ஊடு கண்டுபுடிக்கச் செரமப்பட்டீங்களா?”

அந்த ஆள் தொடையில் தட்டிச் சிரித்தார். “சார், பின்னிட்டீங்க! யாரை வெச்சுப் பிராக்டீஸ் பண்ணீங்க, இந்த ஆயாவையா?”

மகள் விஷயத்தைச் சொன்னார். படக்காரர் செல்போனை எடுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: “கவலைப்படாதீங்க சார். ஜட்ஜுக்கு வேற ஆள் பாத்துக்கலாம். அதே பங்களாவுல ஒரு தோட்டக்காரன் இருக்கான். உங்களுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். இந்தப் பாஷையை மட்டும் மாத்திராதீங்க.”

ஐயாவின் கழுத்து நரம்பு புடைத்தது. எந்தச் சொல்லுக்காக அந்த வாய் கோணியது என்று எனக்குத் தெரியும். ‘கெட் அவுட்.’ சீரியலில் அதை அவர் மெல்லத்தான் சொல்வார், எதிராளி நடுங்குவான். ஐயா கதவை நோக்கிக் கையை நீட்டினார்.

“போயிட்டு வாங்க சாமி,” என்று வந்தது.

எங்கள் பக்கத்தில் விருந்தாளியை வழியனுப்பும் பேச்சு அது. வந்தவர் உருகிப்போய், காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஐயாவின் கை நீட்டியபடியே இருந்தது. நான்தான் மடக்கி மடியில் வைத்தேன்.

அன்றோடு வாயை மூடிக்கொண்டார். தண்ணீர் வேண்டும் என்றாலும் விரலால்தான் காட்டுவார். மகள் அழுது பார்த்தார், “எப்படி வேணா பேசுங்கப்பா” என்று கெஞ்சினார். நானும் சண்டை போட்டுப் பார்த்தேன். வீம்பு என்றார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்க, டியூபில் கஞ்சி ஊற்ற, எல்லாம் கற்றுக்கொடுப்பார்கள். சீக்கிரம் பழகிவிடும். ஆனால் ஸ்ட்ரோக் வந்த வீட்டில், ‘உயிர் பிழைச்சதே போதும்’ என்று படுத்திருப்பவர் காதில் விழும்படி சொல்லாதீர்கள். எது பிழைத்தது என்று நமக்குத் தெரியாது.